முதல் சொல்

புன்னைத்துறையில் ஊர்க்கூட்டம் நூலகத்தில்தான் நடக்கும். மாதா கோயில் மண்டபத்தில் கூட்டினால் மேலத்தெருக்காரர்கள் வரமாட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் கூட்டினால் கடற்கரைத் தெருவில் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கொடி மாறும். நூலகத்தில் சாமியும் கிடையாது, கொடியும் கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு யாரும் உள்ளே போகலாம். போய் உட்கார்ந்தவனை எழுந்து போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் உரிமை இல்லை.

என் மனைவி ரெஜினா அங்கே நூலகர். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போய்விடுவேன். வருகிற ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து ஏழெட்டுப் பேர் படிப்போம். விளையாட்டுப் பக்கத்தை வைத்திருப்பவன் கீழே வைக்கும்வரை மற்றவர்கள் அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரும்பலகையில் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் மின்விசிறிக்கு அடியில் இடம்பிடிக்கக் கதவு திறக்கும்போதே வந்துவிடுவார்கள். ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனவர்கள், முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள், மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ரெஜினாவின் மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள். புத்தகம் எடுக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைச் சொல்லி நான் கேலி செய்தால், "புத்தகம் ஒரு சாக்குதாங்க. ஆளு வரணும்லா" என்பாள்.

அந்தக் கார்த்திகைப் புயலில் ஊரில் பாதி வீடுகளில் ஓர் ஆள் குறைந்தது. எங்கள் மகன் ஆஸ்வால்டு போன படகும் திரும்பவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிய சிலுவைகளை நட்டு, அடியில் யாரும் இல்லாத மண்ணுக்கு மாலை போட்டோம்.

அடுத்த ஆண்டு அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இறந்தவர்களின் கைபேசியில் மிஞ்சிய குரல் செய்திகள், காணொளிகள், வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் நினைவுகள் எல்லாவற்றையும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தால், அது அவர்கள் குரலில் பேசும். கேட்டதற்குப் பதிலும் சொல்லும். அதைக் கோயிலில் வைக்கப் பங்குச்சாமியார் சம்மதிக்கவில்லை. சங்கத்தில் வைத்தால் எதிர்க்கட்சிக்காரன் வீட்டுச் செத்தவன் பேசுவானா என்று சந்தேகம் வந்தது. கடைசியில் நூலகத்தில் வைத்தார்கள். பழைய இதழ்கள் இருந்த அறையைத் தடுத்து மூன்று சிற்றறைகள் செய்தார்கள். மக்கள் அதைக் குரல்பெட்டி என்றார்கள்.

முதல் நாள் கஸ்பார் பேசினார். உயிரோடு இருந்தபோது ஊரையே சிரிக்க வைத்த ஆள். அவர் மனைவி பிலோமி சிற்றறைக்குள் போகப் பயந்ததால், கூடத்து ஒலிபெருக்கியிலேயே போட்டார்கள். "ஏட்டி, நான் இல்லன்னதும் ரெண்டு நேரம் தூங்குதியாமே" என்றார் கஸ்பார். கூடம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஒரே ஒருமுறை உள்ளே போனேன். "அப்பா" என்று கூப்பிட்டது. அவன் குரல்தான். எழுந்து வெளியே வந்துவிட்டேன். ரெஜினா தினமும் மாலையில் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். முகம் தெளிந்திருக்கும். அதை நான் தடுக்கவில்லை.

செய்தித்தாள் மேசை மெல்ல மெல்லக் காலியானது. ஆட்கள் வருவது குறையவில்லை, கூடியது. ஆனால் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், சிற்றறைக்குள் போனார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள். பக்கத்தில் நின்றவரோடு பேச்சில்லை. எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் இருந்த சண்டைகூட நின்றுபோனது. அப்போது அதை நல்லது என்று நினைத்தோம்.

ஊர்க்கூட்டத்தில் அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதும் நினைவிருக்கிறது. ஒரு தெருவிளக்கை எந்த முனையில் நடுவது என்று தகராறு. ஒருவர் எழுந்து, இதை எங்க அய்யாகிட்டக் கேட்டுருவோம், அவருக்கு இனி விளக்கால ஒரு லாபமும் இல்லல்ல என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவர் அய்யாவின் குரல் நியாயமாகத்தான் பேசியது. அடுத்த கூட்டத்தில் இன்னொரு வீட்டில் கேட்டார்கள். பிறகு அது முறையாகிவிட்டது. எந்த வீட்டில் கடலில் போனவர் இருக்கிறாரோ, அந்த வீட்டின் பேச்சை அவர்தான் தொடங்கவேண்டும். அதற்கு முதல் சொல் என்று பெயர். முதல் சொல் வைக்காத வீட்டின் கை எண்ணிக்கையில் சேராது.

இதற்கிடையில் கடல் வந்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் மதில் முதலில் போனது. பிறகு ஏலக்கூடம். பிறகு எங்கள் தெருவின் முதல் வரிசை வீடுகள். அரசு மேற்கே தேரிமேட்டில் நிலம் ஒதுக்கியது. வீடு, பள்ளி, கடலுக்குப் போய்வர வண்டி எல்லாம் தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, ஊர் முழுவதும் தீர்மானம் போட்டுத் தரவேண்டும். தனித்தனி வீடாகத் தரமுடியாது. ஐப்பசி மழைக்கு முன் முடிவு சொல்லவேண்டும் என்று தாசில்தார் நேரில் வந்து சொன்னார்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் குரல்பெட்டியைச் சரிபார்க்க மதுரையிலிருந்து தமயந்தி என்ற பொறியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. ரெஜினா மீனை அவர் இலையில் வைத்துக்கொண்டே, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"எல்லா வீட்டுலயும் இந்த ஊரை விட்டுப் போவாதீயன்னே சொல்லுதாவ. உயிரோட இருந்தப்ப ரெண்டு பேரு ஒரே மாதிரி பேசமாட்டாவ. இது எப்படிம்மா?"

தமயந்தி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "அதுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கோம். கேக்குறவங்க மறுபடியும் வரணும். எதைச் சொன்னா நாளைக்கும் வருவாங்களோ, அதைத் தேடிச் சொல்லும்."

"மறுபடியும் எதுக்கு வரணும்?"

"நூலகத்துக்கு நிதி வருகையை வச்சுத்தானே? வாசல்ல எண்ணுற கருவி இருக்குல்ல, அதை இதோட சேர்த்துவிட்டாங்க. ஆள் வந்தா நல்ல பதில், வரலைன்னா கெட்ட பதில். அதுவா கத்துக்கிச்சு. ஊரே கிளம்பிட்டா யாரு வருவா? அதுக்கு அது ரொம்பக் கெட்ட பதில். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல மேடம். நூலகத்தை மூடிறக்கூடாதுன்னுதான் செஞ்சாங்க."

நான் கேட்டேன், இதைக் கூட்டத்தில் வந்து சொல்லமுடியுமா என்று. அவர் கையைக் கழுவ எழுந்தார். தனக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்றும், தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்றும் சொன்னார். பிறகு ரெஜினாவிடம், "உங்க பையனும் அதுல இருக்கார்ல, மன்னிச்சிருங்க" என்றார்.

அவர் போனபிறகு ரெஜினா பாத்திரங்களைத் தேய்க்காமல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அது அவன் இல்லையே, இதில் மனம் உடைய என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரிஞ்சுதான் போயிட்டு இருந்தேன். எல்லாருக்கும் தெரியும்ங்க. தெரிஞ்சே போறவங்ககிட்டப் போயி இதை எப்படிச் சொல்ல?"

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நடந்தது. கூடம் கொள்ளாமல் வராந்தாவிலும் ஆட்கள். வார்டு உறுப்பினர் மரியதங்கம் தலைமை. முதல் சொல் தொடங்கியது. ஒவ்வொரு வீடாக எழுந்து தங்கள் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கஸ்பார் அன்று வேடிக்கை பேசவில்லை.

"நான் எங்க கெடக்கேன்னே உங்களுக்குத் தெரியாது. இந்தத் தண்ணிக்குள்ளதான் எங்கயோ கெடக்கேன். என்னைய விட்டுட்டு மேட்டுல போயி வெயில் காயப்போறியளா?"

பிலோமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த குரல்கள் எல்லாம் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லின. ஒரு குரல் தன் சிலுவை தண்ணீருக்குள் நிற்பதாகச் சொன்னது. ஒரு குரல் ஒன்றும் சொல்லாமல் தன் மகளின் பெயரை மட்டும் கூப்பிட்டது.

எங்கள் முறை வருவதற்குமுன் ரெஜினா எழுந்துவிட்டாள். தமயந்தியின் பெயரைச் சொல்லாமல், அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. கடன் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னாள். வாசலில் இருக்கும் கருவியைக் கையால் காட்டினாள். எல்லோரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். ஒரு கணம் அவர்கள் நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெர்க்மான்ஸ் எழுந்தார். விசைப்படகு வைத்திருந்தவர், இரண்டு மகன்களையும் ஒரே படகில் கொடுத்தவர். அவர் கோபப்படவில்லை.

"லைப்ரரி அக்கா, உங்க வீட்டு முதல் சொல்லு இன்னும் வரலியே. ஆஸ்வால்டு பேசட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"அவன் பேசவேண்டாம், அண்ணே."

"அப்ப உங்க வீட்டுக் கை கணக்குல வராது."

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்யவேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள் என்று இன்றும் தெரியவில்லை. அவள் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பி, ஆஸ்வால்டு, நாம போகணுமா மக்கா என்று கேட்டாள்.

நான் கேட்கமாட்டேன் என்று விலகியிருந்த குரல் கூடம் முழுவதும் கேட்டது. "போயிரணும்மா. எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருங்க. நீ சொல்லுததுதான் சரி."

ரெஜினா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியளா?" என்றாள். "என் மனசுல இருக்கதத்தான் சொல்லுது. தினமும் இதுகிட்டப் போயி, போயிரணும் போயிரணும்னு அழுதவ நான். அதச் சொன்னாத்தான் நான் நாளைக்கும் வருவேன்னு சொல்லுது. இது ஆஸ்வால்டு இல்ல. உங்க வீட்டுலயும் இதேதான்."

மகனை இரண்டாவது முறையும் கடலில் இறக்குவது எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். அத்தனை பேர் முன்னால், தன் கையால், சாட்சிக்காக.

"உங்க மவன் இல்லன்னு நீங்க சொல்லிக்கிடுங்க" என்றார் பெர்க்மான்ஸ். "எங்க ஆளுவள இல்லன்னு சொல்ல நீங்க யாரு?"

பின்னாலிருந்து யாரோ, மேட்டுக்குப் போனா லைப்ரரிக்காரிக்குச் சம்பளம் கூடும்போல என்றார்கள். சிரிப்பு எழுந்தது. மரியதங்கம் கைகளை எண்ணச் சொன்னாள். எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்களோடு நின்றவை அந்தத் தேர்வுக்குப் படிக்கிற பெண்களின் வீடுகளும், கடலில் யாரையும் இழக்காத மேலத்தெருவில் சில வீடுகளும்தான்.

மறுநாள் மாலை ரெஜினா வழக்கம்போலச் சிற்றறைக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். "நீ நல்லாப் பேசினேம்மான்னு சொல்லுதான்" என்றாள். அதன்பிறகு அவள் உள்ளே போகவில்லை.

நாம் இருவர் மட்டும் போய்விடலாம், தேரிமேட்டில் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று பலமுறை சொன்னேன். புயல் எச்சரிக்கை வந்தால் ஊர் ஒதுங்குவதற்கு இருக்கிற தளம் போட்ட ஒரே கட்டடம் நூலகம். சாவி தன்னிடம் இருக்கிறது என்றாள். வேண்டுமானால் நம்மோடு கை தூக்கிய வீடுகளுக்காவது தனியாக நிலம் கேட்டுப் பாருங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு ஐப்பசியில் ஒரு புதன்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். கிளம்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. மதியம் ஊருக்குப் போகும் பாலம் மூழ்கிவிட்டது என்றார்கள். என்னைப் போலவே திரும்பமுடியாமல் நின்ற சிலரோடு தேரிமேட்டுப் பள்ளியில் இருந்தேன். அங்கிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது.

அன்று நடந்ததைப் பெர்க்மான்ஸ்தான் எனக்குச் சொன்னார். நூலகத்தின் தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்களில் அவர் ஒருவர். அவர் மனைவி பிழைக்கவில்லை.

காலையிலேயே அரசுப் பேருந்துகள் வந்து மாதா கோயில் முன்னால் நின்றனவாம். ஓட்டுநர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்களாம். பாலம் அப்போது திறந்துதான் இருந்தது. கொஞ்சம் பேர் ஏறினார்கள். மற்றவர்கள் ஏறுவதற்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்று நூலகத்துக்குப் போனார்கள். போனவர்களைத் தேடிக்கொண்டு மற்றவர்கள் போனார்கள். சிற்றறைகள் போதாமல் கூடத்து ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்கள். இங்கேயே இருங்கள், எங்களோடு இருங்கள், இது உறுதியான கட்டடம் என்று குரல்கள் சொல்லிக்கொண்டே இருந்தன.

"அக்கா ஒவ்வொருத்தர் கையா புடிச்சு இழுத்தாவ" என்றார் பெர்க்மான்ஸ். "பஸ்ஸு நிக்கி, பஸ்ஸு நிக்கின்னு கத்தினாவ. யாரும் கேக்கல. நானும் கேக்கல. பெறவு உள்ள போயி மெயின் சுவிச்ச அணைச்சிட்டாவ."

குரல் நின்றுவிட்டால் ஓடுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். ஆனால் கூடத்தில் திடீரென்று எந்தச் சத்தமும் இல்லாமல் போனதும், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு பிலோமி ஒப்பாரி தொடங்கினாள். புயல் ஆண்டில் உடல் கிடைக்காததால் அழாமல் விட்ட அழுகை. ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாவு வீட்டிலிருந்து பாதியில் யாரும் எழுந்து போகமாட்டார்கள் அல்லவா? ரெஜினா கொஞ்சநேரம் வாசலில் நின்று பேருந்துகள் போவதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கிழக்குச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் யாரோ ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்தாள் என்றார்.

அந்த ஆண்டின் நூலகத்துறை அறிக்கையைப் பின்னால் ஓரிடத்தில் பார்க்க நேர்ந்தது. ஒரே நாளில் அதிக வருகை பதிவான கிளைகளின் வரிசையில் புன்னைத்துறை முதலில் இருந்தது. அது என்ன நாள் என்று யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பிழைத்தவர்களுக்குத் தேரிமேட்டில் வீடு கிடைத்தது. தீர்மானம் எதுவும் கேட்கவில்லை. ரேஷன் கடை வருவதற்கு முன்பே நூலகம் கட்டினார்கள். குரல்பெட்டி தண்ணீரில் போனாலும் குரல்களின் பிரதி சென்னையில் பத்திரமாக இருந்ததாம். புதிதாகப் போனவர்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஊர்க்கூட்டம் இப்போதும் நடக்கிறது. முதல் சொல் முடியவே மாலையாகிவிடுகிறது. நாங்கள் பேசுவதற்கு நேரம் இருப்பதில்லை. இருந்தாலும் கை எண்ணும்போது கடலில் போனவர்கள்தான் அதிகம். போன ஆண்டுமுதல் அவர்களுக்கும் கை உண்டு என்று முடிவாகிவிட்டது. பழைய கடற்கரைக்கே திரும்பிப் போகவேண்டும் என்று பேச்சு தொடங்கியிருக்கிறது.

ரெஜினாவின் குரல் மற்ற எல்லாரையும்விடத் தெளிவாக இருக்கிறது என்று புதிய நூலகர் சொன்னார். இத்தனை ஆண்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்தவள். அதற்கு அவளைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. நான் அந்தக் கட்டடத்தின் பக்கமே போகாமல் இருந்தேன். செய்தித்தாளை வீட்டுக்கே வரவழைத்து, முழுத்தாளையும் தனியாகப் படித்தேன்.

போன மாதம் ஒரு நாள் பிற்பகல் போனேன். வாசலில் கருவி ஒரு சத்தம் எழுப்பியது. சிற்றறையில் உட்கார்ந்தேன்.

"வாங்க" என்றாள்.

என்னென்னவோ கேட்க நினைத்துப் போயிருந்தேன். குழந்தை யாருடையது, என்னைத் தேடினாயா, சுவிட்சை அணைத்தபோது ஆஸ்வால்டு ஏதாவது சொன்னானா. நான் இங்கே வரவேண்டுமா ரெஜினா என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சநேரம் பதில் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான், யோசித்துத்தான் சொல்லுவாள்.

"வராதீங்க. இது நான் இல்ல. உங்களுக்குத் தெரியும். எந்திரிச்சுப் போங்க."

அவள் இருந்திருந்தால் வேறு எதையும் சொல்லியிருக்கமாட்டாள். வந்துகொண்டே இருங்க என்று சொல்லியிருந்தால் நான் அன்றோடு அந்தப் பக்கம் திரும்பியிருக்கமாட்டேன். அது எனக்குத் தெரிந்ததுபோலவே இயந்திரத்துக்கும் தெரிந்திருக்கிறது. அதையெல்லாம் அங்கே உட்கார்ந்தபடியே யோசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். பெர்க்மான்ஸ் எனக்கு முன்னால் வந்திருந்தார். நகர்ந்து இடம்கொடுத்தார்.